ரசீதுப் புத்தகத்தை எண்ணி வாங்கியிருக்க வேண்டும்

ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தில் 3 வருடம் 4 மாதம் பொருளாளராக இருந்தேன். சம்பளம் கிடையாது, ஊழியம் என்றுதான் போனேன். வெளியே வந்து கணக்குப் பார்த்தபோது என் 8 மாதச் சம்பளத்துக்குச் சமமான பணம் போயிருந்தது, 20 வருடமாகப் பழகியவர்களில் பாதிப் பேர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள், ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வருவது மட்டும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. இதில் திருடன் என்று கைகாட்ட ஓர் ஆள்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்கு முதல் வருடமே புரிந்திருக்கும். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் ஜெபிக்கிறவர்கள், யாரும் கணக்குப் பார்க்காதவர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். அமைப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில். அங்கே ஒரு பேரிங் குறைந்தால்கூட மூன்று பேர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அப்படிப்பட்ட ஆள் நான், பிள்ளைகள் இல்லமும் மருத்துவ முகாம்களும் நடத்துகிற ஓர் அமைப்பின் பொருளாளர் பொறுப்பை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பு தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் உடம்புக்கு முடியவில்லை என்று விலகியிருந்தார். பீரோ சாவியைக் கையில் கொடுத்தவர், "தம்பி, ரசீதுப் புத்தகத்தை எல்லாம் எண்ணிப் பாத்து வாங்கிக்கோங்க" என்றார். "ஐயா, உங்களை நம்பாம யாரை நம்பப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே சாவியைப் பையில் போட்டேன். மரியாதை என்று நினைத்துச் சொன்னது. அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

இப்போது யாராவது என்னிடம் பொருளாளர் ஆகப்போகிறேன் என்று வந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சாவியை வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளை வாங்குங்கள். கையிருப்பு ரொக்கம் இவ்வளவு, இரண்டு பேர் முன்னால் எண்ணப்பட்டது. வங்கிக் கணக்குகள் இத்தனை, ஒவ்வொன்றிலும் இன்றைய இருப்பு இவ்வளவு, கையெழுத்து அதிகாரம் யார் யாருக்கு. ரசீதுப் புத்தகங்கள் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை. யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி, குறிப்பிட்ட காரியத்துக்கென்று வந்து இன்னும் செலவாகாத பணம் எவ்வளவு, அரசுக்குக் கடைசியாக எந்த வருடக் கணக்கு போயிருக்கிறது. இதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். கொடுக்கிறவர், வாங்குகிறவர், குழுவில் ஒருவர், மூன்று கையெழுத்து. இதைக் கேட்டால் மனம் புண்படுவார்கள் என்று தோன்றும். அந்தச் சங்கடம் ஒரு நாளோடு போய்விடும்.

அமைப்பை நடத்தியவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர் என்று இப்போதும் சொல்வேன். காய்ச்சல் வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் பணம் என்றால் அவருக்கு ஒரே பைதான். அதில் ஊழியம், குடும்பம், கட்டடம், கன்வென்ஷன் கூட்டங்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். முதல் மாதமே செக் புத்தகத்தை நீட்டி, "நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க, அவசரத்துக்கு உங்களைத் தேட முடியாது" என்றார். இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது எங்கள் விதி, வங்கியிலும் அப்படித்தான் பதிவு. நான் ஒரே உட்காரலில் 20 செக்கில், தொகையும் பெயரும் எழுதாமல், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து இன்னொரு 20. இரண்டு கையெழுத்து விதி எதற்காக இருக்கிறதோ அதை என் பேனாவாலேயே அழித்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. சட்டத்தின் பார்வையில் அந்த ஒவ்வொரு செலவுக்கும் நான் ஒப்புதல் கொடுத்தவன். "எனக்குத் தெரியாது" என்று பின்னால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

அப்புறம் என் சொந்தப் பணம். இல்லத்தில் சமைக்கிறவர்களுக்கும் காவலாளிக்கும் சம்பளம் கொடுக்க முடியாத மாதங்கள் வந்தன. "தம்பி, அடுத்த வாரம் ஒரு பெரிய காணிக்கை வருது" என்பார் அண்ணன். நான்கு தடவையாக மொத்தம் 9 மாதச் சம்பள அளவுக்குக் கொடுத்தேன். தாள் எதுவும் எழுதவில்லை, தேவனுக்குக் கொடுப்பதற்குப் பத்திரமா என்று ஒரு பெருமை வேறு. திரும்பி வந்தது 2 மாதச் சம்பளம். மிச்சத்தைக் கேட்டபோது, "அது காணிக்கைன்னுதானே நாங்க எடுத்துக்கிட்டோம்" என்று பதில் வந்தது. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை, அவர்கள் உண்மையிலேயே அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கடனா காணிக்கையா என்று எழுதாத பணம் வாங்கியவர் மனதில் காணிக்கையாகத்தான் மாறும். கொடுப்பதென்றால் கொடுத்துவிடுங்கள், கடன் என்றால் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்குங்கள். அதோடு, சம்பளம் கொடுக்கவே காசில்லாத அமைப்பைச் சொந்தப் பணத்தால் தாங்கிப் பிடிப்பது உதவியே இல்லை. அந்த நான்கு தடவையும் நான் கொடுக்காமல் இருந்திருந்தால் குழு கூடிப் பேசியே ஆகவேண்டி வந்திருக்கும். என் பணம் அந்தப் பேச்சைத்தான் தள்ளிப்போட்டது.

விஷயம் உடைந்தது மூன்றாவது வருடம். பெண் பிள்ளைகளுக்குத் தனி விடுதி கட்ட வேண்டும் என்று நான் வந்த முதல் வருடமே பணம் திரட்டினோம். அஸ்திவாரம் போட்டோம். அதை நான்தான் படம் எடுத்து, மாத மடலில் போட்டு, கொடுத்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அதற்குப் பிறகு வேலை நடக்கவில்லை, ஆனால் பணம் வருவது நிற்கவில்லை. ஒரு நாள் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் போன் செய்தார். இறந்துபோன மகளின் நினைவாக ஓர் அறைக்கு முழுத் தொகையும் கொடுத்தவர். "தம்பி, ரூம் முடிஞ்சிருச்சா? அவ பிறந்தநாளுக்கு வந்து பாக்கலாம்னு இருக்கேன்" என்றார். நான், "வேலை நடந்துட்டு இருக்கும்மா, கொஞ்சம் தாமதம்" என்றேன். பொய். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு சரளமாக வந்தது வேறு எதுவும் இல்லை.

அன்று ராத்திரி ஸ்டோர்ஸில் செய்வதைப் போலச் செய்தேன். எங்கள் எக்செல் தாளில் கட்டட நிதி என்று ஒரு வரி உண்டு, அதில் நல்ல தொகை காட்டியது. வங்கியில் எங்களுக்கு ஒரே கணக்கு, அதன் மொத்த இருப்பு அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புத்தகத்தில் இருப்பு இருக்கிறது, அலமாரியில் சரக்கு இல்லை. எங்கள் வேலையில் இதற்கு மேல் கெட்ட செய்தி கிடையாது. மறுநாள் கேட்டேன். பணம் கன்வென்ஷன் பந்தலுக்கும், ஒலிபெருக்கிக்கும், ஒரு வேனுக்கும் போயிருந்தது. "எடுக்கலை தம்பி, கடனா மாத்தியிருக்கோம், அதுவும் ஊழியம்தானே" என்றார் அண்ணன். யாரிடமிருந்து யார் வாங்கிய கடன்? டீச்சரிடம் யாரும் கேட்கவில்லையே. அதற்கடுத்த வாரம் இன்னொன்று தெரிந்தது. அஸ்திவாரம் போட்ட நிலம் அமைப்பின் பெயரில் இல்லை, அண்ணனின் சொந்தப் பெயரில் இருந்தது. ஏமாற்றுவதற்காக அல்ல, வாங்கிய சமயத்தில் அதுதான் சுலபமாக இருந்தது என்றார். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால் அந்த நிலம் அவர் வாரிசுகளுக்குப் போகும், பிள்ளைகளுக்குப் போகாது.

குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுத்த பணத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல விசுவாசிகள்தான் இதில் அதிகம் குழம்புகிறார்கள். "சொந்தமா ஒரு காசு எடுக்கலையே" என்பதுதான் எல்லாரும் சொல்லும் சமாதானம். சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கில் அந்த வாதம் நீதிமன்றம் வரை போனது. சபையின் கட்டட நிதி, போதகரின் மனைவியுடைய பாப் இசைப் பயணத்துக்குப் பத்திர முதலீடு என்ற பெயரில் போயிருந்தது. ஏறக்குறைய 5 கோடி சிங்கப்பூர் டாலர் சம்பந்தப்பட்ட வழக்கு. 2015-இல் ஆறு பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, 2017-இல் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அவர்கள் தனிப்பட்ட ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்பதை நீதிபதிகளே ஏற்றுக்கொண்டார்கள், ஆனாலும் குற்றம் குற்றமாகத்தான் நின்றது, சிறைக்கும் போனார்கள். பணத்தைப் பையில் போட்டால்தான் தப்பு என்று நினைத்திருந்த எனக்கு அதைப் படித்தபோது வயிறு கலங்கியது. கட்டட நிதியைத் தனி வங்கிக் கணக்கில் வைக்காத பொருளாளர் நான்தானே. தனிக் கணக்கு என்பது ஒரு நாள் வேலை. அது இருந்திருந்தால் வேன் வாங்கும்போது கை தானாக நின்றிருக்கும்.

குழுவைக் கூட்டச் சொன்னேன். ஆறு பேர் குழு. அண்ணன், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி, மச்சான், மகன், ஒரு நண்பர், நான். கையில் இரண்டு பக்கக் குறிப்பு வைத்திருந்தேன், முதல் பக்கம் பாதி வாசித்ததும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். மச்சான் சங்கீதம் 105-ஐ எடுத்தார்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." நண்பர் மத்தேயு 6-க்குப் போனார், வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாதாம். தர்மம் செய்கிறவனின் விளம்பர ஆசைக்குச் சொன்ன வசனத்தை, தர்மம் வாங்கியவனின் கணக்குக்கு எப்படிப் பொருத்துகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மகன் ஒரு படி மேலே போய், யோவாஸ் ராஜா காலத்தில் ஆலய வேலைக்காரரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, 2 இராஜாக்கள் 12 என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தேன். கணக்குக் கேட்கவில்லை என்பது 15-ஆம் வசனம், உண்மைதான். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதைத்தான் அவன் சொல்லவில்லை. பணம் ஆசாரியர்கள் கையில் இருந்தபோது, யோவாஸ் ஆண்ட 23-ஆம் வருடம் வரைக்கும் ஆலயம் பழுதுபார்க்கப்படவே இல்லை. அதனால்தான் மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டி வந்தது, ராஜாவின் சம்பிரதியும், அதாவது எழுத்தரும், பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். அரண்மனையிலிருந்து ஒருவர், ஆலயத்திலிருந்து ஒருவர். முதலில் முறை மாறியது, நம்பிக்கை அதற்குப் பிறகு வந்தது.

தூக்கம் வராத அந்த நாட்களில் வேதாகமத்தில் பணம் எண்ணுகிற இடங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தேன், வேறு வேலை இல்லை. எஸ்றா 8-இல் ஆலயத்துக்குக் கொண்டுபோகிறவர்களிடம் 650 தாலந்து வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார்கள், எருசலேமில் நான்காம் நாள் மறுபடி நிறுத்து வாங்குகிறார்கள், நிறை எழுதப்படுகிறது. கொண்டுபோனவர்கள் பரிசுத்தமானவர்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது, ஆனாலும் இரண்டு முறை தராசு. 2 கொரிந்தியர் 8-இல் பவுல் தர்மப்பணத்தைத் தனியாகக் கொண்டுபோக மாட்டேன் என்கிறார். சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொள்கிறார், கர்த்தருக்கு முன் மட்டுமல்ல மனிதருக்கு முன்னும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். பவுலைவிட அபிஷேகம் பெற்றவர் எங்கள் குழுவில் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று குறித்து வைத்தேன். அடுத்த கூட்டமே நடக்கவில்லை. வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். நான் பலரையும் கெடுக்கிற "கசப்பான வேர்" என்று பேச்சு பரவியது, என் மனைவியிடம் ஒரு சகோதரி, "உங்க வீட்டுக்காரருக்காக உபவாசம் இருக்கோம்" என்றார். நாம் செய்த ஒரே நல்ல காரியத்துக்காக நம்மை மனந்திரும்பச் சொல்லி ஜெபிக்கிறார்கள் என்பது எவ்வளவு தனிமை என்று எழுதிக் காட்ட முடியாது.

எனக்கு அப்போது தைரியம் கொடுத்தது முன்பின் தெரியாத ஒரு கணக்குப் பேராசிரியரின் கதை. அமெரிக்காவில் நியூ எரா என்ற ஒரு நிறுவனம், பணம் கொடுத்து வைத்தால் பெயர் சொல்லாத கொடையாளர்கள் அதே அளவு போட்டு இரட்டிப்பாக்கித் தருவார்கள் என்று சொல்லி, கிறிஸ்தவக் கல்லூரிகளிடமும் மிஷன் அமைப்புகளிடமும் பணம் வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் ஆர்பர் கல்லூரியின் ஆல்பர்ட் மேயர் என்பவர் சந்தேகப்பட்டு, அந்த நிறுவனம் வரித்துறைக்குக் கொடுத்த படிவத்தை வாங்கிப் பார்த்தார். வைத்திருப்பதாகச் சொன்ன பணத்துக்கு வந்திருக்க வேண்டிய வட்டி அதில் இல்லை. அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. அவர் சொன்னதை உடன் வேலை செய்தவர்களே ரொம்ப நாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1995-இல் எல்லாம் சரிந்தபோது அந்தக் கொடையாளர்கள் கற்பனை என்று தெரிந்தது, நடத்தியவருக்கு 12 வருடச் சிறை. ஆக, கணக்குத் தெரிந்தவர் ஆயிரம் பக்கம் புரட்ட வேண்டியதில்லை. இருக்க வேண்டியது இருக்கிறதா என்று ஓர் இடத்தில் பார்த்தால் போதும்.

கொடுக்கிறவர்களுக்கும் பார்க்க இடம் இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியவே தெரியாது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பதிவுபெற்ற அறநிலையங்களின் விவரத்தை அரசின் இணையதளத்திலேயே தேடலாம். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 பொதுப் பார்வைக்கு உண்டு, ஆனால் சபைகளுக்கு அதைத் தாக்கல் செய்வதிலிருந்து விலக்கு இருக்கிறது, அதனால் சபை என்று பதிவு செய்துகொண்ட ஊழியங்களின் கணக்கு வெளியே தெரியாது. அங்கே சுவிசேஷகர் பில்லி கிரஹாமின் அமைப்பும் வேர்ல்ட் விஷன் தொண்டு நிறுவனமும் முன்னின்று 1979-இல் ஈசிஎஃப்ஏ என்ற கணக்கொழுங்கு அமைப்பைத் தொடங்கினார்கள். குழுவில் குறைந்தது ஐந்து பேர், அவர்களில் பெரும்பான்மை குடும்பத்துக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லாதவர்கள் என்பது அவர்கள் விதிகளில் ஒன்று. எங்கள் குழுவை அந்த வாசலில்கூட விட்டிருக்க மாட்டார்கள். இந்தியாவில் இருக்கும் அமைப்புக்கு வெளிநாட்டிலிருந்து கொடுக்கிறவர்கள் 2010 வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அதற்குப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர முடியும். "இந்தத் தம்பியோட சொந்தக் கணக்குக்குப் போடுங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, இதில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். "நிர்வாகச் செலவே கிடையாது, நூற்றுக்கு நூறும் பிள்ளைகளுக்குப் போகிறது" என்று சொல்லும் அமைப்பைக் கண்டால் எனக்கு இப்போது பயம். நாங்களும் அப்படித்தான் மேடையில் சொன்னோம். கணக்கெழுதச் சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை, அதனால் ஸ்டோர்ஸ்காரன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணக்கெழுதினான். ஆடிட்டர் செலவை மிச்சம் பிடிக்க அண்ணனின் உறவுக்காரர் ஒருவர், கொடுத்த எண்களைக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். வங்கிக்கு எழுதி இருப்பைக் கேட்டதில்லை, ஒரு பில்லைக்கூட உருவிப் பார்த்ததில்லை. அதைத் தணிக்கை என்று நாங்கள் அறிக்கையில் அச்சடித்தோம்.

வெளியே வந்த விதத்தில் மட்டும் கொஞ்சம் புத்திசாலித்தனம் இருந்தது, அதுவும் ஆபீஸில் ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தது. கோபத்தில் விலகாதே என்றார். மூலப் பத்திரம் எதையும் எடுக்கவில்லை, எனக்கு உரிமையுள்ள தாள்களின் நகலை மட்டும் வைத்துக்கொண்டேன். பேஸ்புக்கில் ஒரு வரி எழுதவில்லை, கை துறுதுறுத்தும் எழுதவில்லை. ராஜினாமாக் கடிதத்தில் குற்றச்சாட்டு இல்லாமல், இந்தத் தேதியில் வங்கி இருப்பு இவ்வளவு, கட்டட நிதிக் கணக்கு இவ்வளவு, வித்தியாசத்தை இந்தத் தேதிக் கூட்டத்தில் எழுத்தில் தெரிவித்தேன் என்று மட்டும் எழுதினேன். குழுவில் எல்லாருக்கும் மின்னஞ்சல், அதோடு பதிவுத் தபாலும். வங்கிக்குத் தனிக் கடிதம், என் கையெழுத்தை நீக்கச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். ஒன்றைக் கோட்டைவிட்டேன். அரசுப் பதிவேட்டில் என் பெயர் எடுக்கப்பட்டதா என்று பார்க்கவில்லை. ஏழு மாதம் கழித்து, இரண்டு வருடக் கணக்கு தாக்கலாகவில்லை என்று நோட்டீஸ் என் பெயருக்கு, என் வீட்டுக்கு வந்தது. நானே ஓர் ஆடிட்டரைப் பிடித்துப் பதில் போட வேண்டியிருந்தது, அதற்கு ஒரு மாதச் சம்பளம் போனது, என் பழைய ஸ்கூட்டரை அதற்காகத்தான் விற்றேன். அந்த முத்திரை போட்ட கடிதங்கள் இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவு போயிருக்குமோ.

அதற்கப்புறம் அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்துகொண்டே, "எத்தனை புக்கு இருந்துச்சு?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். "நான் பீரோவுல வச்சது பன்னெண்டு" என்றார். ஒரு புத்தகத்தில் 100 ரசீது. யார் யாரிடம் எவ்வளவு வாங்க அது பயன்பட்டது என்று யாருக்கும் தெரியாது. ஏன் அப்போதே பட்டென்று சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டுவிட்டேன். "சொன்னேனே தம்பி" என்றார். சொன்னார்தான்.

இப்போது எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் போன வருடத் தணிக்கை அறிக்கையை முதலில் கேட்கிறேன். குழுவில் யார் யாருக்கு யார் உறவு, நிலமும் வண்டியும் யார் பெயரில், நான் ஒரு காரியத்துக்குக் கொடுத்த பணம் மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கிறேன். பதில் என்ன என்பதைவிட, கேட்டதும் முகம் எப்படிப் போகிறது என்பதில் பாதி தெரிந்துவிடுகிறது. ஓர் அமைப்பில் கணக்கெழுதும் சகோதரி இரண்டே நாளில் எல்லாவற்றையும் அனுப்பி, "இந்த வருஷம் மருந்துச் செலவு பட்ஜெட்டைத் தாண்டிடுச்சு, 6-ஆம் பக்கம் பாருங்க" என்று தானாகவே குறையைக் காட்டினார். அங்கே இன்னும் கொடுக்கிறேன்.

டீச்சரிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம், "அன்னைக்கு போன்லயே ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. அறைக்குக் கொடுத்த பணத்துக்கு விவரம் கேட்டு அமைப்புக்குக் கடிதம் எழுதலாம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு கடிதம் போட்டார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்திருக்கிறது என்று அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். "விடுதிப் பணி தேவகிருபையால் நடந்துகொண்டிருக்கிறது" என்று ஒரு வரி, கீழே ஒரு புகைப்படம். அஸ்திவாரம், நாலு கம்பி, ஓரமாகக் குவித்த மணல். பெரிதாக்கிப் பார்த்தேன். மணலுக்குப் பின்னால் என் ஸ்கூட்டர் நிற்கிறது.